அண்ணன் கையில் தூரிகை, தங்கை கையில் காமிரா

ஐரோப்பாவின் வட கோடியில் உள்ள நாடு நார்வே. அதன் தலைநகரம் ஓஸ்லோ. கடல் ஒரு நீண்ட கை போல நிலத்துக்குள் நுழைந்து வருகிறது. அந்தக் கையின் நுனியில், மலைகளின் மடியில், இந்தத் துறைமுக நகரம் அமைந்திருக்கிறது. 1925-ம் ஆண்டு வரை இதற்குக் கிறிஸ்டியானியா என்று பெயர்.

நகரத்தின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. ஆக்கர் ஆறு என்பார்கள். காவிரி, வைகை போன்ற பெரிய ஆறு அல்ல. வடக்கே ஓர் ஏரியில் பிறந்து, தெற்கே கடலில் கலந்துவிடுகிறது. மொத்த நீளம் பத்துக் கிலோமீட்டர் கூட இல்லை. ஆனால் வழி நெடுக அருவிகள். அந்த அருவிகளின் வேகத்தில் ஒரு காலத்தில் மரம் அறுக்கும் ஆலைகள் ஓடின. பிறகு, 19-ம் நூற்றாண்டின் நடுவில், நெசவாலைகளும் பாய்த்துணி ஆலையும் வந்தன. விடியற்காலையில் சங்கு ஊதும். கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வேலைக்குப் போவார்கள். அவர்களில் பலர் சின்னஞ்சிறு பெண்கள்.

1875-ல் இந்த ஆற்றங்கரைப் பகுதிக்கு ஒரு டாக்டரின் குடும்பம் குடிவந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் உலகமே அறிந்த ஓவியர் எட்வர்ட் மூங்க். தலையைக் கைகளால் பற்றிக்கொண்டு, வாயைத் திறந்தபடி ஓர் உருவம் பாலத்தில் நிற்கும் ‘அலறல்’ என்ற சித்திரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அதைத் தீட்டியவர் அவர்தான்.

அவருக்கு இங்கர் என்று ஒரு தங்கை இருந்தார். அந்தப் பெயர் பலருக்குத் தெரியாது.

தாயில்லாப் பிள்ளைகள்

எட்வர்ட் பிறந்தது 1863 டிசம்பர் 12-ந் தேதி. தந்தை கிறிஸ்டியன் ராணுவ டாக்டர். டாக்டர் என்றவுடன் பணக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். சம்பளம் குறைவு. வீட்டில் ஐந்து குழந்தைகள். மூத்தவள் சோபி. அடுத்து எட்வர்ட். பிறகு ஆந்திரயாஸ், லௌரா. கடைக்குட்டி இங்கர்.

இங்கர் பிறந்த 1868-ம் ஆண்டு முடிவதற்குள் தாய் காசநோயால் இறந்துவிட்டாள். இங்கருக்குத் தாய் முகமே தெரியாது. எட்வர்டுக்கு அப்போது ஐந்து வயது.

தாயின் தங்கை காரென் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அக்காளின் ஐந்து குழந்தைகளுக்கும் தாயானாள். டாக்டர் அவளை மணந்துகொள்ள விரும்பினார். அவள் சம்மதிக்கவில்லை. கடைசி வரை சித்தியாகவே இருந்து பிள்ளைகளை வளர்த்தாள். காய்ந்த இலை, பாசி, வைக்கோல் இவற்றை ஒட்டி அழகான படங்கள் செய்து விற்பாள். அந்தக் காசும் குடும்பத்துக்குத்தான். எட்வர்ட் படம் வரையத் தொடங்கியபோது முதலில் தட்டிக்கொடுத்தவளும் இந்தச் சித்தியே.

குடும்பத்தை விட்டு நோய் போகவில்லை. 1877-ல் மூத்தவள் சோபி அதே காசநோய்க்குப் பலியானாள். வயது 15. எட்வர்டுக்கும் மார்புச் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வந்து பள்ளிக்கூடம் போக முடியாமற் செய்தன. தந்தையோ பக்திமான். ஆனால் அந்தப் பக்தியில் பயமே அதிகம். நரகத்தைப் பற்றியும் பாவத்தைப் பற்றியும் பேசிப் பேசிப் பிள்ளைகளை நடுங்க வைத்தார்.

மகன் இன்ஜினீயராக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. 1879-ல் தொழிற்கல்லூரியில் சேர்த்தார். மறு வருடமே எட்வர்ட் படிப்பை விட்டுவிட்டார். ஓவியனாகத்தான் ஆவேன் என்று பிடிவாதமாக நின்றார்.

வீட்டிலேயே கிடைத்த மாடல்

ஓவியம் கற்பவனுக்கு முகங்கள் வேண்டும். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார ஆள் வேண்டும். அதற்குக் கூலி கொடுக்க எட்வர்டிடம் காசு ஏது? சித்தி உட்கார்ந்தாள். தங்கைகள் உட்கார்ந்தார்கள். அதிகமாக உட்கார்ந்தவர்களில் ஒருத்தி இங்கர்.

1884-ல் இங்கருக்கு 16 வயது. கறுப்பு உடை அணிந்த அவளை அண்ணன் தீட்டினார். இருட்டான பின்னணி. அதில் முகமும் கைகளும் மட்டும் வெளிச்சமாகத் தெரிகின்றன. சிரிப்பு இல்லை. அழுகையும் இல்லை. நேராகப் பார்க்கும் ஒரு பெண். எட்வர்ட் மூங்கின் ஆரம்பகாலப் படங்களில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எட்வர்ட் ‘நோயுற்ற குழந்தை’ என்ற படத்தைக் கண்காட்சியில் வைத்தார். செத்துப்போன அக்காள் சோபியை மனத்தில் வைத்துத் தீட்டிய படம் அது. தலையணையில் சாய்ந்த சிறுமி. பக்கத்தில் தலை குனிந்து அழும் பெண். வண்ணத்தைப் பூசுவார், சுரண்டுவார், மறுபடி பூசுவார். இப்படிப் பல மாதம் உழைத்தார். பார்க்க வந்தவர்களோ சிரித்தார்கள். படம் முடிவடையவில்லை என்றார்கள். அரைகுறை வேலை என்று பத்திரிகைகள் எழுதின. எட்வர்ட் அந்தப் படத்தை விடவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் அதே காட்சியை ஆறு முறை வண்ணத்தில் தீட்டினார்.

1889-ம் ஆண்டுக் கோடையில் குடும்பம் ஓஸ்கார்ட்ஸ்திரான் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போயிற்று. வடநாட்டுக் கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த மங்கிய வெளிச்சத்தில், கரையில் கிடக்கும் பெரிய பாறை ஒன்றின் மேல் இங்கர் உட்கார்ந்தார். வெள்ளை உடை. கையில் வைக்கோல் தொப்பி. பின்னால் அசையாத கடல். அண்ணன் தீட்டினார்.

இந்தப் படத்தையும் பலர் எள்ளி நகையாடினார்கள். ஆனால் நார்வேயில் அப்போதே பெயர் பெற்றிருந்த ஓவியர் எரிக் வெரென்ஷியோல்ட் அதை விலை கொடுத்து வாங்கினார். பெரிய ஓவியர் ஒருவர் சின்ன ஓவியரின் படத்தை வாங்குவது சாதாரண விஷயமல்ல. ஊர் சிரித்த படம் இன்று பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அதே ஆண்டு அரசாங்க உதவிப் பணம் கிடைத்து எட்வர்ட் பாரிஸ் போனார். போன சில வாரங்களில் தந்தை திடீரென்று காலமானார். இறுதிச் சடங்குக்கு மகனால் வர இயலவில்லை. வீட்டில் மிஞ்சியவர்கள் பெண்கள்: சித்தியும் இரண்டு தங்கைகளும். ஆந்திரயாஸ் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தார். இங்கர் பியானோ கற்றுக்கொடுத்துச் சம்பாதித்தார்.

கார்ல் யோஹன் வீதி

கிறிஸ்டியானியாவின் ராஜவீதி கார்ல் யோஹன் வீதி. ஒரு முனையில் அரண்மனை. மறு முனையில் ரயில் நிலையம். நடுவே பாராளுமன்றமும் சர்வகலாசாலையும். மாலையில் நகரத்துப் பெரிய மனிதர்கள் உடுத்திக்கொண்டு உலாவ வருவார்கள்.

1892-ல் இந்த வீதியை எட்வர்ட் தீட்டினார். உலாவ வருபவர்களின் முகங்கள் வெளிறிப் போய், கண்கள் விரிந்து, முகமூடிகள் போல நம்மை நோக்கி வருகின்றன. எதிர்த் திசையில் ஒரே ஒரு மனிதன் தனியாகப் போகிறான். வீதி எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இந்தப் படம் உதவாது. அந்த வீதியில் நடக்கும்போது ஒரு தனி மனிதனுக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்பதை இது காட்டுகிறது.

அந்த வருடம் பெர்லின் நகரத்து ஓவியர் சங்கம் அவரைக் கண்காட்சிக்கு அழைத்தது. படங்களைப் பார்த்த பழைய ஓவியர்கள் கொதித்தெழுந்தார்கள். சங்கத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. ஒரே வாரத்தில் கண்காட்சி மூடப்பட்டது. பலன் நேர்மாறாக ஆயிற்று! விரட்டப்பட்டவர் யார் என்று ஜெர்மனி முழுவதும் கேட்கத் தொடங்கியது. ஒரு வாரத்தில் எட்வர்ட் பெயர் பெற்றுவிட்டார்.

மறு ஆண்டு, 1893-ல், ‘அலறல்’ பிறந்தது. கிறிஸ்டியானியாவுக்குக் கிழக்கே ஏக்கபெர்க் என்ற குன்று உண்டு. அங்கே நண்பர்களோடு நடந்தபோது மாலை வானம் ரத்தமாகச் சிவந்ததாகவும், இயற்கை முழுவதையும் ஊடுருவி ஓர் அலறல் எழுந்தது போலத் தாம் உணர்ந்ததாகவும் அவர் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே படத்தில் உள்ள உருவம் அலறவில்லை என்பது பலர் கருத்து. அது அலறலைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறது.

அதே ஆண்டு தீட்டிய இன்னொரு படம் நம் கதைக்கு முக்கியமானது. ‘நோயாளியின் அறையில் மரணம்’ என்பது அதன் பெயர். சோபி இறக்கும் அறை. ஆனால் சோபி நமக்குத் தெரியவில்லை. நாற்காலியின் முதுகுதான் தெரிகிறது. தந்தை கைகூப்பி நிற்கிறார். சித்தி நாற்காலியின் அருகில் நிற்கிறாள். லௌரா தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆந்திரயாஸ் கதவுப் பக்கம் ஒதுங்குகிறார். எட்வர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். ஒருத்தி மட்டும் நேராக நம்மைப் பார்க்கிறாள். அவள் இங்கர். சோபி இறந்தபோது இங்கருக்கு 9 வயதுதான். ஆனால் படத்தில் வளர்ந்த பெண்ணாக நிற்கிறாள். பதினாறு வருடம் ஆகியும் அந்த அறையை விட்டு அந்தக் குடும்பம் வெளியே வரவில்லை என்று அண்ணன் சொல்வது போல் இருக்கிறது.

விலகி நின்ற பாசம்

1895-ல் ஆந்திரயாஸ் இறந்தார். கல்யாணம் ஆகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. லௌராவுக்கு மனநோய் முற்றி மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. எட்வர்டும் இங்கரும் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நோயும் சித்தக் கலக்கமும் தம் ரத்தத்திலேயே இருப்பதாக எட்வர்ட் அஞ்சினார். குடி அதிகமாயிற்று. ஊர் ஊராக அலைந்தார். 1908-ல் கோபன்ஹேகனில் மனம் உடைந்து, டாக்டர் யாக்கப்சனின் மருத்துவமனையில் பல மாதங்கள் இருந்தார். மறு வருடம் குணமாகித் தாய்நாடு திரும்பினார்.

அதற்கு முன்பே அவருக்கு ஒரு பொழுதுபோக்கு பிடித்திருந்தது. 1902-ல் பெர்லினில் ஒரு கோடாக் காமிரா வாங்கினார். அதைக்கொண்டு தம்மையே படம் பிடித்துக்கொள்வார். மருத்துவமனை அறையில்கூடப் பிடித்தார். 1927-ல் கைக்கு அடக்கமான சினிமாக் காமிரா ஒன்று வாங்கி, ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்திலும் ஓஸ்லோவிலும் வீதிகளைப் படமெடுத்தார். டிராம் வண்டி போகிறது. பெண்கள் நடக்கிறார்கள். சித்தியையும் இங்கரையும்கூட ஒளிந்து நின்று எடுத்திருக்கிறார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடப் படம்தான்!

ஒளிந்து நின்று என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் உறவினரை நேரில் சந்திப்பது அபூர்வம். சந்தித்தால் பழைய நினைவெல்லாம் கிளம்பிவிடும் என்று பயம். ஆனால் கடிதம் தவறாது. பணமும் போகும். கையில் நாலு காசு புரள ஆரம்பித்த பிறகு சித்தியையும் தங்கைகளையும் அவர் கைவிட்டதில்லை. 1916-ல் நகருக்கு வெளியே ஏக்கெலி என்ற தோட்ட வீட்டை வாங்கித் தன்னந்தனியாகக் குடியேறினார். கார்ல் யோஹன் வீதியில் உள்ள சர்வகலாசாலை மண்டபத்துக்கு அவர் தீட்டிய பெரிய படங்கள் அதே ஆண்டு திறந்து வைக்கப்பட்டன. அவற்றில் நடுநாயகமாக விளங்குவது கடலுக்கு மேல் எழும் சூரியன். அந்த வீதியில் ஒரு காலத்தில் தனியாக எதிர்த்திசையில் நடந்தவரின் சூரியன் அது.

லௌரா 1926-ல் இறந்தார். சித்தி காரென் 1931-ல் காலமானார். மிஞ்சியவர்கள் அண்ணனும் தங்கையும் மட்டுமே.

ஆற்றோரம் நடந்த பெண்

இங்கரும் காமிரா பிடித்தார். ஆனால் அவர் தம் முகத்தைப் படமெடுக்க அலையவில்லை. அவரை இழுத்தது ஆக்கர் ஆறு. தாயில்லாப் பிள்ளைகளாக ஐந்து பேரும் வளர்ந்த கரை அல்லவா? பாலங்கள், அருவிகள், ஆலைகள், ஆற்றை ஒட்டிய வீடுகள் என்று படம் பிடித்தார். 1932-ல் அவற்றை ‘ஆக்கர் ஆறு’ என்ற பெயரிலேயே ஒரு புத்தகமாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 64.

அறுபது வயதைத் தாண்டிய பெண், ஆலைப் புகை சூழ்ந்த ஆற்றங்கரையில் காமிராவும் கையுமாக நடப்பது எளிய காரியம் அல்ல. அந்நாளில் பட்டணத்தைப் படமெடுப்பவர்கள் அரண்மனையையும் ராஜவீதியையும் எடுப்பார்கள். ஆலைச் சுவரையும் மரப்பாலத்தையும் யார் எடுப்பார்? ஆறு அன்று அழுக்காக ஓடியது. ஆனால் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆறு. பிற்காலத்தில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. இங்கர் பிடித்த படங்கள் இல்லாவிட்டால் அந்தக் கரையின் பழைய முகம் இந்த அளவுக்குத் தங்கியிராது.

ஒரே ஊர், ஒரே வீடு, ஒரே துக்கம். அண்ணன் ஊரைப் பார்த்தபோது தம் நெஞ்சைத் தீட்டினார். தங்கை ஊரைப் பார்த்தபோது ஊரையே எடுத்தார். இருவரில் அண்ணனே பெரிய கலைஞர் என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும், ஆற்றின் பாலம் எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவன் தங்கையிடம்தான் போக வேண்டும்.

யுத்த காலம்

1937-ல் ஜெர்மனியின் ஹிட்லர் ஆட்சி எட்வர்ட் மூங்கின் கலையைக் கெட்டுப்போன கலை என்று தூற்றியது. ஜெர்மன் அருங்காட்சியகங்களில் இருந்த அவருடைய 82 படைப்புகள் பறிமுதல் ஆயின. ஒரு காலத்தில் அவரைத் தலைமேல் தூக்கி வைத்த நாடு அது.

1940 ஏப்ரலில் ஜெர்மன் படை நார்வேக்குள்ளேயே புகுந்துவிட்டது. எட்வர்டுக்கு வயது 76. ஏக்கெலி வீட்டில் அறை அறையாகப் படங்கள். தமக்குப் பின் அவை என்ன ஆகும்? படை புகுந்த சில நாட்களிலேயே அவர் உயில் எழுதினார். தம்மிடம் உள்ள படைப்புகளை ஓஸ்லோ நகரத்துக்கே கொடுத்துவிட்டார். ஜெர்மானியர் வீட்டைப் பறித்துக்கொள்வார்களோ என்ற கவலையோடே கடைசி ஆண்டுகள் கழிந்தன.

1943 டிசம்பரில் துறைமுகத்தில் வெடிமருந்து வெடித்தது. ஏக்கெலி வீட்டின் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. கடுங்குளிரில் கிழவருக்குச் சளி பிடித்தது. 1944 ஜனவரி 23-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 80. சிறுவயதிலேயே போய்விடுவான் என்று வீடே பயந்த பிள்ளை!

வீட்டைத் திறந்து பார்த்தால் ஏறக்குறைய 1,100 ஓவியங்கள். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுப் படங்கள். ஆயிரக்கணக்கில் கோட்டுச் சித்திரங்கள்.

கடிதக் கட்டு

அண்ணன் போனபின் இங்கர் எட்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்த ஆண்டுகளில் அவர் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. குடும்பத்தாருக்கு எட்வர்ட் எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1949-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

அதுவரை எட்வர்ட் மூங்க் என்றால் குடிகாரர், பித்தர், யாரோடும் ஒட்டாதவர் என்றே பலர் நினைத்தார்கள். கடிதங்களில் வேறொரு மனிதர் தெரிந்தார். சித்தியின் உடம்பைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளை. கண்காட்சி எப்படி நடந்தது என்று வீட்டுக்குச் சொல்லும் அண்ணன். பணம் வந்ததா என்று கேட்கும் குடும்பத் தலைவன். தங்கை கடிதங்களைக் கட்டிக் காப்பாற்றியிராவிட்டால் இந்த மனிதரை உலகம் அறிந்திருக்காது. அவருடைய வாழ்க்கை வரலாறு எழுத வந்தவர்கள் எல்லாரும் அந்தப் புத்தகத்தைப் புரட்டியே ஆகவேண்டியதாயிற்று.

1952-ல் இங்கர் காலமானார். ஐந்து பேரில் கடைசியாகப் பிறந்தவர். கடைசியாகப் போனவரும் அவரே.

நகரம் வாக்குத் தவறவில்லை. எட்வர்ட் பிறந்து நூறாண்டு நிறைந்த 1963-ல் ஓஸ்லோவில் மூங்க் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. படங்களுக்கு வந்த சோதனைகளும் கொஞ்சமல்ல. ‘அலறல்’ படத்தின் ஒரு பிரதி 1994-ல் தேசிய அருங்காட்சியகத்திலிருந்து களவு போயிற்று. மற்றொன்று 2004-ல், பட்டப்பகலில், துப்பாக்கி காட்டித் திருடப்பட்டது. இரண்டும் திரும்பக் கிடைத்தன. 2012-ல் இன்னொரு பிரதி நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து 11 கோடியே 99 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. பியானோ கற்றுக்கொடுத்துக் குடும்பத்தை ஓட்டிய தங்கை அந்தத் தொகையைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்?

2021-ல் அருங்காட்சியகம் புதிய கட்டடத்துக்கு மாறியது. கடலோரத்தில் 13 மாடிக் கட்டடம். அது எழுந்த இடம் பியோர்விக்கா. ஆக்கர் ஆறு கடலில் கலக்கும் இடம் அதுதான். ஆற்றில் இன்று ஆலைக் கழிவு இல்லை. சால்மன் மீன் மறுபடி ஏறி வருகிறது. கரை நெடுகப் பூங்காவும் நடைபாதையும் போட்டிருக்கிறார்கள். வடக்கே ஏரிக்கரையில் புறப்பட்டு, இங்கர் படம் பிடித்த ஆற்றோரமாகவே இறங்கி நடந்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் அண்ணன் படங்கள் இருக்கும் வாசலுக்கு வந்துவிடலாம்.